ஓர் ஊரில் மூளை வளர்ந்த கதை

விஞ்ஞானத்துக்குக் கெடுதல் செய்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைப்போல் இளகிய மனசுக்காரர்களும் உண்டு.

வயதானவர்களின் மூளை வருடங்கள் போகப்போக எப்படி மாறுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சியில் எனக்கு ஒப்பந்த வேலை. அதே ஆட்கள், அதே சோதனை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நெய்யூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வீடுவீடாகப் போய்ப் பத்து வார்த்தைகளை வாசிப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். விட்டுப்போனதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. (பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள். என் ஞாபகசக்தியை யாரும் சோதிக்கவில்லை.)

முதல் சுற்றில் எமிலி டீச்சர் ஆறு வார்த்தையோடு நின்றுவிட்டார். முப்பது வருடம் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேத வசனம் மனப்பாடம் செய்வித்தவர். கண் கலங்கிவிட்டது.

“மக்கா, விட்டுப்போனது என்னதுன்னு மட்டும் சொல்லு. இல்லைன்னா எனக்கு உறக்கம் வராது, கேட்டியா?”

சொன்னேன். போதாதென்று பத்தையும் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன்.

இரண்டாம் சுற்று வந்தபோது என் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. வேலை நீடிக்குமா என்பது இந்தச் சுற்றின் கையில். ஊருக்குள் போனால் அற்புதம்! எல்லாரும் பத்துக்குப் பத்து. மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடி தேடுகிற தங்கையா பாட்டாகூடப் பத்தையும் வரிசை மாறாமல் சொன்னார். சந்தேகப்பட்டேனா? ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

“சார், இங்க வயசாக ஆக மூளை தெளியுது!”

மரச்சீனிக்கிழங்கும் மீனும் காரணமாக இருக்கலாம் என்று என் கருத்தையும் சேர்த்தேன். (அவர் கேட்கவில்லை.)

மறுநாளே வந்துவிட்டார். டீச்சர் முன்னால் உட்கார்ந்து முதல் வார்த்தையை வாசித்தார்.

“குடை…”

“ஏணி, சந்தனம், ஆடு, கதவு” என்று தொடங்கி, மிச்சம் ஒன்பதையும் டீச்சர் ராகத்தோடு முடித்தார்.

“எப்படி டீச்சர்?”

“பெண்கள் சங்கத்துல மாசாமாசம் மனப்பாடப் போட்டி உண்டுல்லா சார். வசனம் முடிஞ்சதும் இதையும் சொல்ல வச்சேன். ஆம்பிளையளுக்கு அவனவன் பெண்டாட்டி சொல்லிக் குடுத்தா. நாங்க மறந்தா இந்தப் பிள்ளைக்கில்லா கெட்ட பேரு!”

வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து சீட்டு வெளியே வந்தது. என் கையெழுத்து. வெட்கத்தில் செத்தேன்.

பேராசிரியர் வேறொரு பட்டியலை எடுத்து வாசித்தார். கொஞ்ச நேரம் கழித்து டீச்சருக்கு இரண்டே வார்த்தைதான் வந்தது. ஆறு இரண்டாகிப்போன அந்த இறக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு வருடம் காத்திருந்தோம். நானோ பத்துக்குப் பத்து போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். அந்த மாதமே டீச்சரை டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அந்த ஊரின் வார்த்தைச் சோதனை முழுக்கத் தள்ளுபடி ஆனது. எனக்கு வேலை நீடித்தது. ஆனால் மனிதர்களே வராத அறையில், கம்ப்யூட்டர் முன்னால்.

இன்றைக்கும் என் மகள் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தால் என் வீட்டுக்காரர் பேப்பரைப் பார்ப்பதில்லை. ஒரே கேள்விதான்:

“மக்கா, பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் யாரு, உங்க அம்மையா?”