பன்னிரண்டு பேரில் ஓர் உளவாளி

“இது நம்மளோடது,” என்றாள் ஷெல்பி. “இந்த ரெட்டைச் சுழற்சி, எந்திரிச்சதும் சல்யூட், எல்லாமே நம்மளோடது.”

அவள் கைபேசியில் ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியின் பருந்துகள் அணி ஆடிக்கொண்டிருந்தது. மனிதக் கோபுரத்தின் உச்சியில் நின்ற பெண் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, தோழிகளின் கைகளில் விழுந்து எழுந்து, சல்யூட் அடித்தாள்.

“நாம இதைச் செவ்வாய்க்கிழமை கண்டுபிடிச்சோம். அவங்க வெள்ளிக்கிழமை ஆடறாங்க. நடுவுல மூணே நாள்.”

“தற்செயலா இருக்கும்டி,” என்றாள் டெஸ்டினி. அணியின் உச்சியில் பறப்பவள் அவள்தான். ஷெல்பியின் உயிர்த்தோழியும் அவள்தான்.

ஷெல்பி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அமெரிக்காவில், டென்னசியின் அந்தச் சின்னக் கல்லூரியில், மைதானத்தில் ஆடிக் கூட்டத்தை உசுப்பேற்றும் உற்சாக அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். மாநிலப் போட்டியில் மூன்று வருடமாகப் பருந்துகள் முதலிடம், கழுதைகள் இரண்டாமிடம். கேப்டன் ஷெல்பிக்கு இது கடைசி வருடம். கோப்பையைத் தொடாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவோமோ என்ற நினைப்பில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றே பட்டியல் போட்டாள். அணியில் ஆடுபவர்கள் பன்னிரண்டு பேர். தன் பெயரையும் எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அதை அடித்தாள்.

முதல் வேலையாகப் பயிற்சி நேரத்தில் எல்லாருடைய கைபேசிகளும் பாப்கார்ன் வாளிக்குள் போயின. வாளிக்குக் காவல், கழுதை. பஞ்சுத் தலையும் தொங்கும் காதுமாக மைதானத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வேடம் அது. வேடத்துக்குள் புகுந்தவர் பேசக் கூடாது, பிறர் எதிரில் தலையைக் கழற்றக் கூடாது, உள்ளே இருப்பது டெல்லா என்று அணிக்கு வெளியே தெரியக் கூடாது. கல்லூரியில் இதற்கு மட்டும் எல்லாரும் கட்டுப்படுவார்கள்.

அடுத்து, ஜன்னல்களுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டினாள். அரங்கம் இருட்டாகிப்போனது. அணியில் ஒருத்தியான மெக்கென்னா யாரையோ தாங்குவதாக நினைத்துக்கொண்டு தூணைத் தாங்கினாள். கணுக்கால் பிசகியதுதான் மிச்சம்.

“கேப்டன், லைட்டாவது போடலாமா?”

“எதுக்கு? யாருக்குத் தெரியணும்?”

மெக்கென்னா வாயை மூடிக்கொண்டாள். அது ஷெல்பியின் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

திங்கட்கிழமை வந்த வீடியோவில் பருந்துகள் இவர்களுடைய புதிய கோபுரத்தையும் கட்டிவிட்டார்கள். ஷெல்பி ராத்தூக்கம் கெட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். எட்டு வரை எண்ணி ஆடுவதுதான் இந்த ஆட்டம். யாருக்கும் முழு ஆட்டமும் தெரியாதபடி ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவரவர் எண்ணும் அசைவும் அவரவருக்கு மட்டும்.

ஐந்து என்றதும் மூன்று பேர் டெஸ்டினியின் இடது காலைத் தூக்கினார்கள். வலது காலைத் தூக்க வேண்டியவர்கள் ஏழு வருவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

“ஷெல்பி, நான் ரெண்டா கிழியறேன்,” என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

தினமும் பயிற்சி முடிந்ததும் ஷெல்பி கழுதையின் பக்கத்தில் உட்கார்ந்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். யார் சீட்டில் என்ன, யார் மேல் எவ்வளவு சந்தேகம், மறுநாள் எதை மாற்றப்போகிறாள், எல்லாம். கழுதை தலையாட்டும். சில சமயம் முதுகைத் தடவிக்கொடுக்கும். அந்தப் பத்து நிமிடம்தான் அவளுக்கு நிம்மதி.

கடைசியாக ஒரு பொறி வைத்தாள். டெஸ்டினியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள். கழுதை இருவருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது.

“முடிவை மாத்திட்டேன். சல்யூட் கிடையாது. எல்லாரும் வாத்து மாதிரி நடந்து போய்க் கும்பிடு போடணும்.”

“வாத்து மாதிரியா?”

“ஆமா. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

வியாழக்கிழமை வந்த வீடியோவில் பருந்துகள் பன்னிரண்டு பேரும் வரிசையாக வாத்து நடை நடந்தார்கள். அதையும் அவ்வளவு அழகாக நடந்தார்கள்.

“உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்,” என்றாள் ஷெல்பி.

“நான் சொல்லல.”

“அப்ப வேற யாரு? சுவரா?”

டெஸ்டினி தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். “நாலு வருஷமா மேலேயிருந்து கண்ண மூடிக்கிட்டு விழறேன். கீழ நீ இருக்கேன்ற தைரியத்துலதான். இனிமே அப்படி விழ முடியாது.” தலையில் இருந்த பெரிய ரிப்பனை அவிழ்த்து விரிப்பின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஷெல்பிக்கு ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாத்து நடை கண்ணுக்குள்ளேயே நின்றது.

சனிக்கிழமை, போட்டி. பறப்பதற்கு ஆள் இல்லாததால் அணியிலேயே உயரமான ஷெல்பி தானே மேலே ஏறுவதாக முடிவாகியிருந்தது. தூக்க வேண்டியவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனார்கள். உடைமாற்றும் அறையில் அவளும் கழுதையும்தான் மிச்சம்.

“டெஸ்டினி இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கவே இல்ல,” என்று கழுதையின் தோளில் முகம் புதைத்து அழுதாள். “பன்னெண்டு பேர்ல ஒருத்தரையும் நம்ப முடியல. எனக்கு நீ ஒருத்திதான் இருக்க.”

கழுதை அவளைத் தட்டிக்கொடுத்தது. ரொம்பவும் ஆதரவாகத்தான் தட்டிக்கொடுத்தது.

வாசலில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. ஷெல்பி முகத்தை எடுக்காமலே, “யாரு?” என்றாள்.

“நான்தான், டெல்லா. கால ஒடச்சுக்கிட்டு மூணு வாரமா அம்மா வீட்டுல கெடக்கேன், ஏன் வரலன்னு ஒருத்திகூட கேக்கல. ஆமா, எனக்குப் பதிலா கழுதைக்குள்ள யாரைப் போட்டீங்க?”