யாரும் பார்க்காத கல்யாணம்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடுவதை ஓடவிட்டுச் சும்மா இருக்க வராது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தபோதுதான் கல்யாணம் ஆனது.

அப்போது திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோவில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் எட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த ஒரே சர்வரிலிருந்து படங்களைத் திறந்து ஆல்பம் போடுவார்கள். முகூர்த்த மாதம் வந்தால் சர்வர் முனகும். துருவிப் பார்த்தேன். ஒருவர் ஒரு படத்தைச் சும்மா திறந்து பார்த்தாலும், 'இன்ன படம் இன்ன நேரத்தில் திறக்கப்பட்டது' என்று டிஸ்கில் ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தது அது. பார்ப்பதற்கெல்லாம் எதற்கு எழுத்து என்று ஒரே உத்தரவில் நிறுத்தினேன். சர்வர் பறந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்து பஜ்ஜி வாங்கித் தந்தார். (ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.)

எங்கள் கல்யாணப் படங்கள் சர்வரில் ஏறி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஸ்டுடியோ ஆள் என்பதால் ஆல்பம் இலவசம். படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். என் மனைவி சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்தாள். இணைச்சீர்ச் சடங்கில் என் பக்கத்தில் நிற்கும் அக்கா கண் திறந்திருக்க வேண்டும், எந்த மாமாவும் விட்டுப்போகக் கூடாது, ஒரு சித்தப்பாவுக்கு ரெண்டு படம் என்றால் இன்னொருவருக்கும் ரெண்டு. மற்ற வீட்டார் பத்து நாளில் முடிப்பதை அவள் மூன்று மாதத்தில் முடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆல்பம் போட உட்கார்ந்தால், எங்கள் படங்களில் ஒன்றுகூட இல்லை.

தேடிப் பார்த்தால் குற்றவாளி நான்தான். இடம் மிச்சமாகட்டும் என்று முந்தைய வருஷம் நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். மூன்று மாதமாக யாரும் திறக்காத படங்களை ஞாயிறுதோறும் அது அழித்துவிடும். யாராவது திறந்தார்களா என்பதை, நான் நிறுத்திய அந்த வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். (பேக்கப் எங்கே என்று கேட்காதீர்கள். அதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.) மற்றவர்களின் ஆல்பமெல்லாம் எப்போதோ அச்சாகிவிட்டதால் நஷ்டம் எங்களுக்கு மட்டும். அழிந்த இடத்திலும் அதற்குள் வேறு நாலு கல்யாணத்துப் படங்கள் ஏறி உட்கார்ந்திருந்ததால் மீட்கவும் வழியில்லை.

வீட்டில் சொன்னேன்.

"ஏனுங்க, வாராவாரம் நாந்தானுங்க தொறந்து பாத்தேன். ஆரும் பாக்கலைன்னு அது எப்படி அழிக்கும்?"

"நீ பாத்ததை எழுத வேண்டாம்னு நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

அன்று அவள் அழுததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மிஞ்சியது, அவள் தேர்ந்தெடுத்த படங்களின் நம்பரும் குறிப்பும் எழுதிய ஒரு நோட்டு. வருகிறவர்கள் ஆல்பம் கேட்டால் அதை எடுத்து வந்து வாசிக்கிறாள். "நானூத்திப் பன்னண்டு, பெரிய மாமா சிரிக்கறாங்க." சிரித்தே அறியாத அந்த மனுஷர், தன் நம்பர் வந்தால் இன்னொரு முறை வாசிக்கச் சொல்கிறார். தாலி கட்டும் படத்தில், முதல் வருஷம் அவள் வாசித்தபடி நான் கண்ணை மூடியிருந்தேன். அடுத்த வருஷம் கை நடுங்கியது. போன பொங்கலுக்கு நான் தேம்பித் தேம்பி அழுததாக வாசித்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.