காது திறந்த சேதி

ஒரு வீட்டில் கணவனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பதவி காது கேளாதவன் பதவிதான். ஜலதோஷத்தின் தயவில் போன வாரம் நான் அதை அடைந்தேன்.

என் பேர் ஜெபராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு சத்துவாச்சாரியில். மனைவி இன்பம், வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் காது மூக்கு தொண்டை வார்டு நர்ஸ். அங்கே ஊரார் காதில் மருந்து ஊற்றுவாள். வீட்டில் என் காதில் தன் தம்பி புராணம் ஊற்றுவாள்.

தம்பி பேர் நெல்வின். கலவை ஊரில் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறான். கட்டி முடியும்வரை, ஒரு ஆறு மாசம், மனைவி, இரட்டைப் பிள்ளைகளோடு எங்கள் மாடி ரூமில் தங்க வேண்டுமாம். அந்த ரூம் என் ராஜ்ஜியம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் லுங்கிக்கு மாறி, கால் நீட்டி கிரிக்கெட் பார்க்கும் இடம். முடியாது என்று சொல்லத் தைரியமில்லை. சரி என்று சொல்ல மனசில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சளி பிடித்தது. இரண்டு காதும் கப்பென்று அடைத்துக்கொண்டன. பேசினால் என் குரல் எனக்கே குடத்துக்குள்ளிருந்து வந்தது. எச்சில் முழுங்கினால் நொறுநொறுவென்று ஒரு சத்தம்.

"இன்னா இது, காதுக்குள்ள யாரோ பொரி திங்கிற மாதிரி இருக்கு?"

இன்பம் கத்தி விளக்கினாள். "மூக்குக்குப் பின்னாடியிலருந்து காதுக்குள்ள ஒரு சின்ன குழாய் போகுதுங்க. காத்து போய் வர்ற வழி. சளி பிடிச்சா அது வீங்கி மூடிக்கும். உள்ள காத்து கம்மியாயி, செவிப்பறையை உள்பக்கம் இழுக்கும். அதான் அடைப்பு. முழுங்கும்போது, கொட்டாவி விடும்போது குழாய் லேசா தொறக்கும். அப்ப சளிக்குள்ள காத்து பூந்து வர்றதுதான் அந்தப் பொரி."

"சரியாய்டுமா?"

"சளி போனா தானா தொறந்துக்கும். மூக்கை மட்டும் பலமா சிந்தாதீங்க."

லீவு போட்டுவிட்டு, முதலை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வீட்டில் என்ன அமைதி. தம்பி புராணம் அடியோடு நின்றிருந்தது. கத்திக் கத்திப் பேச அவள் தொண்டையும் தாங்க வேண்டுமே.

புதன்கிழமை மத்தியானம் மிளகு ரசம் குடித்துக்கொண்டிருந்தேன். டொப். காது திறந்தது. ஃபேன் சத்தம், குக்கர் விசில், ஹைவே லாரி ஹாரன் எல்லாம் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தன. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அறிவு வந்துவிட்டது, மூடிக்கொண்டேன். காதடைப்பு விட்டால் மாடியில் ஆளடைப்பு. நெல்வின் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வாடகை வீட்டுக்குப் போகும்வரை, காது திறந்த சேதி எனக்கும் ரசத்துக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

நடிப்பில் குறை வைக்கவில்லை. "மாத்திரை போட்டீங்களா?" என்றால் "ஆமா, மழை வரும்போல" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நெல்வின் வந்தான். என்னை நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு ஹபீப் பாயும் இருந்தார். இன்பம் கத்தவில்லை. சாதாரணக் குரலில் ஆரம்பித்தாள்.

"மாமாகிட்டயே கேட்டுடு நெல்வின். பின்னாடி நம்மளைக் குத்தம் சொல்லக் கூடாது."

"மாமா, மாடி ரூம்ல ஒரு வருஷம் தங்கிக்கட்டுமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. வருத்தப்பட மாட்டேன்."

ஆறு மாசம் ஒரு வருஷமாகிவிட்டதா? போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி சிரித்தேன்.

"ஒண்ணும் சொல்லலையேக்கா."

"வேணாம்னு சொல்லலல்ல? அவரு டிவியைக் கீழ கொண்டாந்துடலாம்."

சிரித்தேன்.

"பசங்க செவுரெல்லாம் கிறுக்குவானுங்க மாமா."

அதற்கும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

"பாருங்க பாய், பசங்கன்னா அவருக்கு உசுரு," என்றாள் இன்பம். ஹபீப் பாய் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் சர்ச்சிலிருந்து திரும்பினால் வாசலில் மினி லாரி. கட்டில், பீரோ, இரண்டு குட்டி சைக்கிள். இன்பத்தைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனேன்.

"என்னைக் கேக்காம இன்னா வேலை இது?"

"கேட்டோமே. பாய் கூட இருந்தாரே."

"எனக்குத்தான் காது அடைச்சிருந்துச்சே."

அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "காது அடைச்சவங்க சும்மா இருக்க மாட்டாங்க. தாடையை ஆட்டுவாங்க, எச்சில் முழுங்குவாங்க. வார்டுல தெனம் பாக்கிறேன். ரசம் குடிச்சதுலருந்து நீங்க ஒரு கொட்டாவிகூட விடல."

"அப்ப, எனக்குக் காது கேக்குதுன்னு தெரிஞ்சேதான் கேட்டியா?"

"பின்ன? காது கேக்காத மனுஷன்கிட்ட சம்மதம் வாங்குறது பாவம் இல்லையாங்க?"