அகழியில் இறங்கிய நீலக் கார்

தொர்தோஞ்,
ஜூன் 14

அன்பும் மதிப்பும் மிக்க பாஸ்டியன் தம்பி அவர்களுக்கு,

உங்கள் அம்மாவின் புதுக் கணவன் அன்செல்ம் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். லியோனில் நீங்களும் உங்கள் பல்வலியும் எப்படி என்று அறிய ஆவல். எங்களுக்கு இரவல் தந்த காரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நகராட்சி மன்றத்தில் நாங்கள் கல்யாணக் கையெழுத்துப் போட்ட அன்று சாவியை என் கையில் வைத்து, "பத்து நாள் ஒண்ணா கோட்டை கோட்டையாப் போய்த் தங்கிட்டு வாங்க. அப்பவும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தா நம்புறேன்" என்றீர்கள். முப்பத்தெட்டு வருஷம் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஊரையே அழவைத்தவன் நான். தேர்வுக்குப் போகிறவன் பாடு என்ன என்று அறுபத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

முதல் கோட்டையின் வாசல் குதிரைக்காகக் கட்டியது. "கொஞ்சம் இடப்பக்கம்" என்று நான் சொல்ல, "குதிரை போன வழியில கார் போகாதா?" என்று உங்கள் அம்மா கேட்க, பக்கக் கண்ணாடி அங்கேயே தங்கிவிட்டது. அறைகளை வாடகைக்கு விடும் கோட்டைக்காரச் சீமாட்டி ரப்பர் பூட்ஸும் கக்கத்தில் ஒரு கோழியுமாக வந்து, "போன வாரம் வந்தவங்க கதவையே விட்டுட்டுப் போனாங்க" என்று ஆறுதல் சொன்னார். கோபுர அறைக்குத் தொண்ணூற்று நான்கு படி. முழங்கால் வலியோடு உங்கள் அம்மா ஏறிவிட்டார், நான் அறுபதாவது படியில் உட்கார்ந்து சுவரை ரசித்தேன், மேலே போனால் ராஜா காலத்துக் கட்டில், மெத்தை நடுவில் பெரிய பள்ளம், ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தாலும் உருண்டு நடுவில் வந்து சேர்கிறோம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்க வழியே இல்லை தம்பி.

இரண்டாவது கோட்டையில் இருபத்துநான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. சம்பிரதாயப்படி இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் உங்கள் அம்மா. "உப்பு!" என்றேன். "என்ன, தப்பா?" என்றார். மூன்று முறை கத்திவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால், அவரே தட்டு, கிளாஸ், வாத்துக்கறி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டைக்காரர் முகம் சுளித்தார். நான் உப்பை மறந்தேன்.

மூன்றாவது கோட்டையைச் சுற்றி அகழி உண்டு. வண்டி நிறுத்தும் இடம் சரிவு. ஸ்டீயரிங் யார் கையில் இருந்தது என்று கேட்டு ஒரு தாயைச் சங்கடப்படுத்த வேண்டாம். உங்கள் கார் அவசரமே இல்லாமல், வெகு மரியாதையாக, பாசிக்குள் இறங்கி ஜன்னல் வரை முழுகியது. வாத்துகள் ஒதுங்கி வழிவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் கரையேறியபோது, உங்கள் அம்மா இனி ரயில் பிடித்து நேரே லியோனுக்கு உங்களிடம் போய்விடுவார் என்றே நினைத்தேன். கிழட்டுப் பிரபு டிராக்டரோடு வந்து எட்டிப் பார்த்து, "அறுநூறு வருஷமா எந்த எதிரியும் இந்த அகழிக்குள்ள இறங்கத் துணியல. நீங்க உள்ள வாங்க, சூப் இருக்கு" என்றார். அவ்வளவுதான், உங்கள் அம்மா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், தலையில் பாசியோடு, புல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை! உங்கள் அப்பா போன பிறகு அவர் இப்படிச் சிரித்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கோட்டைக்கு எப்படிப் போறது?" என்றுதான் கேட்டார்.

கார் பிழைத்துவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு லிமோஜில் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள். உங்கள் பல் சீக்கிரம் குணமாகட்டும், உங்கள் பாதைகள் அகலமாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அன்செல்ம்

பி.கு.: பாஸ்டியன், அம்மா எழுதுறேன். இந்த மனுஷன் எழுதினதுல பாதியை நம்பாதே. ஆறு நாளா ஸ்டீயரிங்கை என்கிட்ட கொடுக்கவே இல்ல. கண்ணாடியை உடைச்சதும் இவர்தான், அகழியில இறக்கினதும் இவர்தான். என்னைச் சாக்கு சொன்னா நீ மன்னிச்சுடுவேன்னு கணக்கு. இனிமே நான்தான் ஓட்டப்போறேன். இன்னும் மூணு கோட்டை பாக்கி. இவரை அப்பான்னு நீ கூப்பிட வேண்டாம், பேரைச் சொல்லியே கூப்பிடு. ஆனா போன் பண்ணும்போது "அவர் எப்படி இருக்கார்"னு ஒரு வார்த்தை கேளு. ரெண்டு நாளா போன் பக்கத்துலயே உக்காந்திருக்கார்.