தம்பிராசா போட விடாத ஊசி

"காய்ச்சல் எண்டு எழுதிக் குடும்" என்றார் தம்பிராசா.

"பிள்ளை நல்லாத்தானே நிக்கிறாள்?" என்றாள் மனைவி நிலாந்தினி.

அன்றைக்குக் கரம்பொன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. கருப்பைவாசல் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரசுக்கு எதிரான ஊசி. கையெழுத்துக்காக மகள் லக்சிகா இரண்டு தரம் படிவத்தை நீட்டிப் பார்த்துவிட்டாள். அந்த வைரசு உடலுறவால் தொற்றும் என்று, தான் அரிசி நிறுக்கிற சங்கக்கடையில் யாரோ சொன்னதிலிருந்து தம்பிராசாவுக்கு நித்திரை இல்லை.

"பதினொரு வயசுப் பிள்ளைக்கு அந்த ஊசி ஏன்? ஊர் என்ன கதைக்கும்?"

காய்ச்சல் கடிதம் போனது. மறுநாளே குடும்பநல உத்தியோகத்தர் பிலோமினம்மாவின் ஸ்கூட்டர் வேலிப் படலையடியில் நின்றது.

"நிலாந்தினி நிக்கிறாவோ, அண்ணை?"

தம்பிராசா வாசலை மறித்தார். "இல்லை. தாயும் மகளும் கொழும்புக்குப் போட்டினம்."

குசினிக்குள் சட்டியொன்று விழுந்தது.

"பூனை" என்றார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அன்று பின்னேரமே இருவரையும் சுருவிலில் நிலாந்தினியின் தமக்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். மனைவியின் போனையும் வாங்கிக்கொண்டார்.

"நீர் வாய் தடுமாறி உண்மையைச் சொல்லிப்போடுவீர்."

பிலோமினம்மா நாளுக்கு மூன்று தரம் அந்தப் போனுக்கு அடித்தார். தம்பிராசா இலக்கத்தை புளொக் பண்ணினார். பிறகு சுகாதாரப் பணிமனை முத்திரையோடு ஒரு கடிதம் படலையில் செருகியிருந்தது. உடைத்தும் பார்க்காமல் அடுப்புக்குள் வைத்தார். அன்று சோறு அடிப்பிடித்தது.

பிள்ளை ஏன் வரவில்லை என்று அதிபர் ஆள் அனுப்பினார்.

"அம்மை போட்டிருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் வேப்பிலை கொண்டுவந்து படலையில் கட்டினார்கள். சங்கக்கடை முகாமையாளர் இரண்டு கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்றார். ஊரைப் பொறுத்தவரை லக்சிகாவுக்கு இப்போது காய்ச்சலும் அம்மையும் இருந்தன. அவள் கொழும்பிலும் இருந்தாள்.

தம்பிராசா வெறும் வீட்டில் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். முற்றம் கூட்ட ஆளில்லை. பின்னேரங்களில் வானொலியைப் போட்டுவிட்டு, அதைக் கேட்காமல் இருந்தார். மகள் அவரோடு கதைக்கமாட்டாளாம் என்று சுருவிலிலிருந்து மச்சாள் சொல்லியனுப்பினாள். ஆனாலும் தகப்பன் என்றால் இப்படித்தான் நிற்கவேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று பிலோமினம்மா சங்கக்கடைக்கே வந்துவிட்டார். தம்பிராசா கையிலிருந்த அரிசியைக் கொட்டிவிட்டு எழும்பினார்.

"கையெழுத்து வைக்கமாட்டன்! நீங்கள் எத்தினைதரம் அலைஞ்சாலும் என்ர பிள்ளைக்கு ஊசி போட விடமாட்டன்!"

"அதுதானே!" என்றார்கள் வரிசையில் நின்ற இரண்டு ஆம்பிளைகள்.

பிலோமினம்மா அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த ஊசி, அண்ணை? நான் மூண்டு கிழமையா நிலாந்தினியைத்தான் தேடுறன். கிளினிக்கில அவவுக்கு எடுத்த கருப்பைவாசல் சோதினை நல்லா வரேல்ல."