தகரம் கேட்டவர்களுக்குத் தாங்குதிறன்

நிதி கேட்டுத் திட்டம் எழுதியே காலம் தள்ளும் புரொபோசல்காரர் என்றொரு ஜீவன் நம்மிடையே உலாவுகிறது. கண்டிப் பக்கத்துச் சீதோஷ்ணம் அதற்கு மிகவும் ஒத்துப்போகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்: போன மாதமே முடிந்துபோன மாநாட்டின் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மனமில்லாமல், எந்தக் கூட்டமானாலும் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து, பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் "இதில் ஒரு சின்ன அவதானம்" என்று எழுந்து, தேநீர் வரும்வரை உட்காராத மனிதர். அவரிடம் முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் "நடமாட்டம் மட்டுப்பட்ட மூத்த பிரஜைகள்" என்ற இலக்குக் குழுவில் நீங்களும் ஓர் ஆளாகியிருப்பீர்கள். முழங்கால் அப்படியே வலிக்கும்.

இந்த இனத்தில் ஒருவரைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். பெயர் மயில்வாகனம். அரச அலுவலகம் ஒன்றில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுக்கலையில் ஒரு புடவைக் கடைக்கு மேலேயுள்ள அறையில் "மலைச்சுடர் ஒருங்கிணைந்த சமூக வலுவூட்டல் நிறுவனம்" நடத்துகிறார். தலைவர் அவரே. செயலாளர் அவருடைய மனைவி. பொருளாளர் அவருடைய மைத்துனர்; அவர் கனடாவில் இருக்கிறார். வேலை செய்கிறவள் நிலூஷா. கணினியில் தட்டுவது, தேநீர் போடுவது, சேர் சொல்லும் வசனங்களில் வினைச்சொல் எங்கே போனது என்று தேடிப் பிடிப்பது, எல்லாம் அவள் பொறுப்பு.

மயில்வாகனம் திருடரல்ல. திருடராக இருந்திருந்தால் பிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். உலகத்தில் எந்தக் குறை இருந்தாலும் அடியில் இருப்பது விழிப்புணர்வுக் குறைதான் என்று அவர் மனதார நம்புகிறார். பசித்தவனுக்குப் போசாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு சரிந்தவனுக்கு மண்சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்பிக்கையோடு வருகிறவரை என்ன செய்ய முடியும்?

கடுகண்ணாவைக்கு மேலே, கம்பனி கைவிட்டுப் போன ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் ஐரின் பிள்ளைக்காம்பரா நடத்திவந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. கம்பனி போனபிறகு சம்பளம் தர ஆளில்லை. தாய்மார் தருவதை வாங்கிக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டாள். போன வைகாசிக் காற்றில் கூரைத் தகரம் பாதி பறந்துபோனது. ஒரு தகரம் தொட்டிலின் பக்கத்தில் வந்து விழுந்தது. தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வானம் கறுத்தால் போதும், ஐரின் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்கு ஓடுவாள். திரும்பி வந்து மிச்சத்தைத் தூக்குவாள்.

ஒரு நாள் பஸ் ஏறிக் கட்டுக்கலைக்கு வந்தாள். மயில்வாகனத்திடம் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அவருடைய செயலமர்வு ஒவ்வொன்றுக்கும் தோட்டத்துப் பெண்களைத் திரட்டிக் கொடுத்தவள் அவள்தான். தலைமைத்துவமோ தேனீ வளர்ப்போ, கூப்பிட்ட இடத்துக்குப் போய், சோற்றுப் பார்சலையும் துணிப்பையையும் வாங்கிக்கொண்டு, தேவைப்பட்ட இடத்தில் கையும் தட்டிவிட்டு வந்தவள்.

"தகரம் வேணுங்க சேர்," என்றாள். "மரம், ஆணி எல்லாம் எங்க ஆம்பளைங்க பாத்துக்குவாங்க. தகரம் மட்டுந்தான்."

மயில்வாகனம் கண்ணை மூடித் திறந்தார். "ஐரின், நீங்க தகரத்தப் பாக்குறீங்க. நான் தகரத்துக்குப் பின்னால இருக்கிறதப் பாக்குறேன்."

"பின்னால வானந்தான் சேர் தெரியுது."

நிலூஷாவுக்கு இருமல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலுள்ள ஒரு சிறிய அறக்கட்டளையின் அறிவித்தல் வந்தது. சின்ன அமைப்புகளுக்குச் சின்ன உதவி. விண்ணப்பம் ஒரே பக்கம். யாருக்கு, என்ன குறை, நாங்கள் தந்தால் என்ன செய்வீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. பிள்ளைகளுக்கு, கூரை இல்லை, தகரம் வாங்குவோம் என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். மயில்வாகனம் அந்தப் பக்கத்தைத் தன்னை யாரோ அவமதித்த மாதிரிப் பார்த்தார்.

"ஒரு பக்கமா? சீரியசான ஆக்கள் இல்ல போல இருக்கே."

சீரியசாக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டை மறந்தார். மனைவி பேசினால் கையை உயர்த்தித் தடுத்தார். "காலநிலை மாற்றத்துக்கு முகங்கொடுக்கும் மலையகச் சிறார்களின் நிலைபேறான தாங்குதிறனை விருத்தி செய்வதற்கான பல்துறைப் பொறிமுறை" என்ற தலைப்பு பிறந்தது. அதன் கீழே அடிப்படை ஆய்வு, பங்குதாரர் கலந்துரையாடல், பயிற்றுநருக்கான பயிற்சி, அந்தப் பயிற்சியை மதிப்பிடும் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னம்: குடை பிடித்த குழந்தை. அச்செடுத்தபோது அது நல்ல கனம் கனத்தது. தூக்கிப் பார்த்த மயில்வாகனத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

"சேர், தகரம் எங்க வருது?" என்று நிலூஷா கேட்டாள்.

"இணைப்புல பாருங்க. பௌதிக உட்கட்டமைப்புசார் இடைவெளிகள்."

பார்த்தாள். இடைவெளி இருந்தது. தகரம் இல்லை.

ஆனாலும் அறக்கட்டளை கிருஷாந்தி என்ற அலுவலரை அனுப்பிவைத்தது. மயில்வாகனம் அதற்கு முந்தின நாளே தோட்டத்துக்குப் போய்த் தாய்மாரை வட்டமாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். "நாங்கள் வலுவூட்டப்பட விரும்புகிறோம்" என்று ஐரின் சொல்ல வேண்டும். ஐரினுக்கு அந்த வசனம் பாதியில் நழுவிக்கொண்டே இருந்தது.

கிருஷாந்தி வந்தாள். மழையும் வந்தது. வட்டம் மெல்ல நகர்ந்து, தகரம் மிஞ்சியிருந்த மூலையில் ஒரு கொத்தாக நின்றது.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கிருஷாந்தி கேட்டாள்.

"அவங்க சொல்ல வர்றது என்னன்னா மிஸ்..." என்றார் மயில்வாகனம்.

"அவங்களே சொல்லட்டும் சேர்."

ஐரின் மேலே பார்த்தாள். தாய்மாரும் மேலே பார்த்தார்கள். கிருஷாந்தியும் அண்ணாந்தாள். மூக்குக் கண்ணாடியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"தகரம் மிஸ்," என்றாள் ஐரின்.

பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதைப் பார்க்கும் தகப்பனைப் போல மயில்வாகனம் தலை குனிந்தார். இத்தனை பயிற்சி கொடுத்தும் இந்தச் சனம் தகரத்தைத் தாண்டவில்லையே என்று அவருக்கு உண்மையாகவே நொந்தது.

கொஞ்ச நாளில் கிருஷாந்தி தொலைபேசியில் பேசினாள். தகரம் தருகிறோம், கடுகண்ணாவையிலுள்ள ஹார்ட்வெயார் கடைக்கே நேராகக் கட்டிவிடுகிறோம், பதிவு செய்யப்பட்ட அமைப்பு என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள்.

"ஆய்வு?"

"இல்ல சேர்."

"பயிற்சி?"

"கூரைக்குப் பயிற்சி வேணாமே சேர்."

மயில்வாகனத்தின் காது சூடேறியது. இத்தனை கால உழைப்பை ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரனுக்குக் கீழே வைத்துவிட்டார்களே என்று பட்டது. "மிஸ், நாங்க தகர வியாபாரிகள் இல்ல," என்றார்.

"நீங்க கையெழுத்துப் போடாட்டி எங்களுக்குக் குடுக்க வழியில்ல சேர். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. கொள்கைன்னு ஒன்னு இருக்கு."

தொலைபேசியை வைத்தபோது அவருக்குத் தான் சற்று உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கொள்கைக்காக மனிதர்கள் சிறைக்கெல்லாம் போயிருக்கிறார்கள். இவர் தகரத்தைத் துறந்தார், அதுவும் அடுத்தவரின் தகரத்தை.

செய்தியை ஐரினுக்குச் சொன்னவள் நிலூஷா. "மழ வருது தங்கச்சி, புள்ளைங்களத் தூக்கணும்," என்று ஐரின் வைத்துவிட்டாள்.

தாய்மார் காத்திருக்கவில்லை. தகப்பன்மாரில் ஒருவர் திகனயில் அமான் என்ற வியாபாரியிடம் லொறி ஓட்டினார். அமான் நாநா பழைய கோழிப்பண்ணையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் தகரத்தைக் கேட்டதும், "கொண்டு போங்க, என்னத்துக்கு எனக்கு," என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எல்லோருமாய்க் கூரையில் ஏறினார்கள். வெயில் ஏறினால் காம்பரா கோழி மணத்தது. மழைக்கு இனி ஓட வேண்டியதில்லை.

வட்ஸ்அப்பில் அந்தப் படத்தைக் கண்ட மயில்வாகனம் புல்லரித்துப்போனார். தாம் ஊட்டிய விழிப்புணர்வு கடைசியில் வேலை செய்துவிட்டது. மறுவாரமே படமெடுப்பவரையும் ஒரு பேனரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினார். பேனரில் "சமூகத் தாங்குதிறன்: மலைச்சுடரின் வெற்றிப் பயணம்" என்றிருந்தது, பாதி இடத்தில் அவர் முகம். ஐரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி சிரித்தாள்.

படம் எடுத்து முடிந்ததும், "பேனர வச்சிட்டுப் போங்க சேர்," என்றாள்.

அவர் பேனரிலிருந்த தம் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "ஞாபகத்துக்கா?"

"ஒரு மூல இன்னும் ஒழுகுது."

அன்றே தகரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினார்கள். ஒழுக்கு நின்றது; அந்த நிறுவனம் அந்தத் தோட்டத்துக்குச் செய்த உருப்படியான உதவி அதுதான். ஆனால் மத்தியானம் கண் விழித்த குழந்தைகள் மேலே மயில்வாகனத்தைப் பார்த்து வீறிட்டன. ஐரின் ஏணி வைத்து ஏறி அவரை மறுபக்கம் திருப்பிக் கட்டினாள்.

அவரோ அந்தப் படத்தை இன்னொரு அறக்கட்டளைக்கு அனுப்பினார். அது மனம் நெகிழ்ந்து, மகாவலிக் கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் "மக்களின் குரலுக்குச் செவிமடுத்தல்" பற்றிப் பேச அழைத்தது. நீண்ட நேரம் பேசினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவள் ஒரு கோப்பை சுடுதண்ணீர் கேட்டபோது, மழையில் நனையாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கட்டிலருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தவர் யார்? வேலை போன தம்பி பஸ் காசுக்கு வந்தபோது, வாழ்க்கையில் திட்டமிடல் ஏன் முக்கியம் என்று அவனை உட்காரவைத்துச் சொன்னவர்? கேட்டதைக் கொடுக்குமுன் கேட்டவரைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கும் நாக்கு துறுதுறுக்கிறதென்றால் தயங்காதீர்கள், ஒரு சங்கம் பதிந்துகொள்ளுங்கள். தலைவருக்கான தகுதி உங்களிடம் பூரணமாக இருக்கிறது. தண்ணீரை மட்டும் வேறு யாராவது சுடவைத்துக் கொடுத்துவிடுவார்கள்.