பனிமூட்டத்தில் முழுப்பேர்

பழைய மடுவம்,
வட்டகொடை.

அன்பும், கொஞ்சம் முன்கோபமும் உள்ள ஜீவராணிக்கு, உன் வீட்டுக்காரன் பொன்னையா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம். அங்கே மகள் வினோதா, மருமகன், பேத்தி எல்லோரையும் முருகன் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். உன் முட்டுக்கால் எப்படி இருக்கிறது என்று தனியாக எழுதவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் எடுத்தாலே வினோதா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டுவிடுகிறாள். வத்தளையில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இங்கே மழை என்பதைத் தவிர நான் உன்னிடம் என்ன பேச முடியும்?

என் வேலையைப் பற்றி லயத்தில் யாராவது உனக்கு ஏதாவது சொல்லியிருப்பார்கள், நம்பாதே. சோலார் கம்பெனி, முன்பு தேயிலைக் கொழுந்து நிறுத்த நம்ம மடுவத்தை வாடகைக்கு எடுத்து, கூரைகளில் கழற்றிய பழைய பெனல்களைக் குவித்ததும், எனக்குக் காவல் வேலை தந்ததும் நீ இருக்கும்போதே நடந்ததுதான். இப்போது சோதிக்கிற வேலையும் என் தலையில். வெளியில் வைத்து மீட்டரில் பார்த்து, நன்றாக மின்சாரம் தந்தால் பச்சைத் துணி, இல்லாவிட்டால் சிவப்புத் துணி. பச்சை, குறைந்த விலைக்கு இன்னொரு கூரைக்குப் போகும். சிவப்பு, கண்ணாடி வேறு செம்பு வேறாகப் பிரிக்கக் கொழும்புப் பக்கம் போகும். "குப்பைன்னு ஒன்னும் கிடையாதுங்க ஐயா, எல்லாம் சுத்தித் திரும்பி வரணும்"னு கம்பெனி கிருஷாந்தி மிஸ் சொன்னாங்க. கங்காணியா இருந்த எனக்கு இது புது வேலையா? குறிச்ச கிலோ கொழுந்து எடுத்தா முழுப்பேர், குறைஞ்சா அரைப்பேர், அரைநாள் சம்பளம், அவ்வளவுதானே மிஸ்னு சொன்னேன். அவங்களும் சிரிச்சுட்டு சரின்னுட்டாங்க.

அங்கதான் வினை. ஒரு வாரமா பனிமூட்டம், எதிர்ல நிக்கிற மாடு தெரியல. மீட்டர்ல எல்லா பெனலும் நோஞ்சான். மழைக்காலத்துல கொழுந்து இல்லாதப்ப தோட்டத்துத் தொரையே கிலோவைக் குறைப்பாரே, அந்த நியாயம் பெனலுக்கும் உண்டுதானேன்னு நானும் அளவைக் குறைச்சு, எல்லாத்துக்கும் முழுப்பேர் போட்டு, பச்சைத் துணி கட்டி அனுப்பிட்டேன். அது மஸ்கெலியாப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிருக்கு. திருவிழா ராத்திரி சாமி வெளிய வர்ற நேரம் பார்த்து, பகல்ல பேட்டரியில ஏறின கரண்டு பத்தாம லைட்டு பீடி நெருப்பு மாதிரி ஆகி அணைஞ்சே போச்சாம். மறுநாள் கோயில் தலைவர் மூக்கன், ஒரு வேன் நெறைய ஆளோட வந்து எறங்கிட்டாரு. "ஒங்க பெனலால எங்க சாமி இருட்டுல நின்னுச்சுங்க!"ன்னு அவரு கத்த, "பனிக்கு நான் என்னங்க செய்வேன்?"னு நான் கத்த, கடைசியில தேத்தண்ணி ஊத்தி, ரொட்டி சுட்டு, நீ வச்சிட்டுப் போன லுணுமிரிஸ் சம்பல் போத்தலையும் எடுத்து வச்சேன். சண்டைக்கு வந்தவங்க சம்பந்தி மாதிரி சாப்பிட்டுட்டு, பொழுது சாயத்தான் போனாங்க. ஜீவா, நீ போனதுக்கப்புறம் இந்த வீட்டுல அவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டதே இல்ல. வேன் போனதும் ரேடியோவைப் போட்டேன், பிடிக்கல, அணைச்சுட்டேன்.

அதுக்கப்புறம் செஞ்சதை மருமகன்கிட்ட சொல்லிடாத. நல்ல வெயில்லயே மீட்டர் குறைவாக் காட்டின பெனலுக்கும் பச்சைத் துணி கட்ட ஆரம்பிச்சேன். திருப்பிக் கொண்டாருவாங்கல்ல? வந்தாங்க. ஒரு டீச்சர், ஒரு சலூன்காரர், எல்லாரும் என்னைத் திட்டிட்டுத் தேத்தண்ணி குடிச்சாங்க. இந்த மடுவத்துலருந்து போனதெல்லாம் திரும்பி வருது, பேத்திக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும்னு போன நீதான் வரல. இப்ப அவ பள்ளிக்கூடம் போற வரைக்கும்னு வினோதா சொல்றா.

புகார் போய் கிருஷாந்தி மிஸ்ஸே வந்துட்டாங்க. ஏசுவாங்கன்னு பார்த்தா, அடுப்புக்கிட்ட இருந்த ஒத்தைக் கோப்பையைப் பார்த்துட்டு, "வீட்டுல யாரும் இல்லீங்களா ஐயா?"ன்னு கேட்டாங்க. இருக்காங்கன்னு சொல்லிட்டு, இன்னொரு கோப்பையை எடுத்துக் கழுவி வச்சேன். இனிமே சோதிக்கிறதெல்லாம் நீ இருக்கிற வத்தளையிலதானாம், மடுவத்தை மூடுறாங்களாம். அங்க காவலுக்கு வர்றீங்களான்னு கேட்டாங்க. மருமகன் வீட்டோட மாமனாரா இருக்க எனக்கு மனசில்லைன்னு மறுத்துட்டேன்.

ஆகவே நான் இங்கேயே சௌகரியமாக இருக்கிறேன். ஆக்கிச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். நீ என்னை நினைத்துக் கவலைப்படவோ, அவசரப்பட்டு வரவோ வேண்டாம். மருமகனுக்கு என் மரியாதை, மகளுக்கு ஆசி, பேத்திக்கு அவள் பால்பல் வாய் நிறைய முத்தம்.

இப்படிக்கு,
யார் தயவும் வேண்டாத,
பொன்னையா

பின்குறிப்பு: தலவாக்கலை தபால் கந்தோர் வரை போனேன். இது போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க என்னால் முடியாது. அதனால் கோழிகளைப் பக்கத்து வீட்டு நாகலெட்சுமியிடம் விட்டுவிட்டு, கடைசிப் பெனல்களை ஏற்றிக்கொண்டு வத்தளைக்கு வருகிற லொறியில் முன் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நானேதான் உன் கையில் தருவேன். நல்லா இருக்கேன்னு மேலே எழுதினதெல்லாம் பொய். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். முடிச்சதும் பிள்ளைங்க முன்னால எதுவும் கேக்காத, அழவும் செய்யாத. சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேளு.